இரண்டாவது கேள்வி

எங்கள் ஐயா சிறு வயதில் பாரவண்டிகளுக்குத் துணையாகப் போனவர். செட்டிநாட்டுப் பக்கத்தில் தாத்தாவை நாங்கள் ஐயா என்றுதான் சொல்வோம். ராத்திரிப் பயணத்தின் சுகத்தை அவர் எத்தனையோ விதமாக வர்ணிப்பார். ஆனால் சுங்கச்சாவடி வந்துவிட்டால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். நடுநிசியில் ஒரு லாந்தர் வெளிச்சம், குறுக்கே ஒரு மரக்கட்டை, தூக்கக் கலக்கத்தோடு நீளும் ஒரு கை!

"எதற்காகக் கொடுக்கவேண்டும் என்று நீங்கள் கேட்டதே இல்லையா, ஐயா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேட்டேனே! 'ரோட்டுக்கு'ன்னான். குண்டும் குழியுமாக் கிடக்கே, எந்த ரோட்டுக்கப்பான்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ளே வண்டிக்காரன் மாட்டைத் தட்டி விட்டுட்டான்."

ஐயா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் கேட்காமல் விட்ட அந்த இரண்டாவது கேள்வி அறுபது வருஷத்துக்குப் பிறகும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றியது. சட்டசபைகளின் பழைய சரித்திரத்தைப் புரட்டும்போதெல்லாம் ஐயாவின் ஞாபகம்தான் வருகிறது. அந்தச் சரித்திரமே பெரும்பாலும் இரண்டாவது கேள்வியின் சரித்திரந்தான்.

1861-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த சபைகளில் மெம்பர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையே கிடையாது. சர்க்கார் கொண்டுவரும் மசோதாவைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான். 1892-ல்தான் கேள்விக்கு இடம் கிடைத்தது. அதுவும் எப்படி? முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். சர்க்கார் தரப்பில் ஒருவர் பதிலை வாசிப்பார். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். பதில் விளங்காவிட்டாலும் சரி, பதிலாகவே இல்லாவிட்டாலும் சரி, மேற்கொண்டு கேட்பதற்கில்லை!

1909-ம் வருஷத்துச் சீர்திருத்தம், கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி ஒன்று போடலாம் என்று அனுமதித்தது. 1919-ம் வருஷத்துச் சட்டத்தில் எந்த மெம்பரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. அந்தச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபையை 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் வந்து திறந்துவைத்தார். ஆக, முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு வந்து சேர நமக்குப் பதினேழு வருஷம் பிடித்தது.

இதில் என்ன பிரமாதம் என்று வாசகர்கள் நினைக்கலாம். 1908-ம் வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வருஷந்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் தண்டனை விதித்தார்கள். கப்பல் ஓட்டிய அந்த மனிதர் கோயம்புத்தூர் ஜெயிலில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். அப்போது சபையில் யாரேனும் துணிந்து எழுந்து, 'கைதிகளை இப்படித்தான் நடத்துகிறீர்களா?' என்று கேட்டிருந்தால்கூட, 'ஜெயில் விதிகளின்படி நடத்துகிறோம்' என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். 'அந்த விதி எது? அதை எழுதியவர் யார்?' என்று தொடர்வதற்கு இடமில்லை. கொடுமைக்குப் பெரிய மதில்கள்கூட வேண்டியதில்லை. இரண்டாவது கேள்வி இல்லாதிருந்தாலே போதும்.

அந்த இரண்டாவது கேள்வியைக் கலையாகவே பயின்றவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் பிறந்தார். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில், மலைமேல் கோட்டையும் மலையைக் குடைந்த கோயில்களுமாக நிற்கும் திருமயந்தான் ஊர். 1887-ல் அங்கே பிறந்த சத்தியமூர்த்தி, 1923-ல் சுயராஜ்யக் கட்சிக்காரராகச் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். 1934-ம் வருஷத் தேர்தலில் சர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து, டில்லி மத்திய சட்டசபைக்குப் போனார். அங்கே காங்கிரஸ் கட்சியின் உபதலைவராக விளங்கினார்.

அவரை நாம் பெரிய பேச்சாளர் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடவேண்டியதுதான். ஆனால் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அவருடைய சொற்பொழிவைவிடக் கேள்வி நேரத்துக்குத்தான் அதிகம் அஞ்சினார்கள். சொற்பொழிவு முடிந்தால் கைதட்டலோடு போய்விடும். கேள்விக்குப் பதில் எழுதி வைக்கவேண்டும். 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது', 'விஷயம் பரிசீலனையில் இருக்கிறது' என்பவை சர்க்காரின் பழைய கேடயங்கள். 'எப்போதிலிருந்து சேகரிக்கிறீர்கள்? யார் பரிசீலிக்கிறார்கள்? என்றைக்கு முடியும்?' என்று துணைக் கேள்விகள் அடுக்கடுக்காக வந்தால், கேடயம் எத்தனை நேரம் தாங்கும்?

ஜெயில் விஷயத்தில் கேள்விகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. 1929-ல் ஜதீந்திரநாத் தாஸ் அரசியல் கைதிகளை மனிதராக நடத்தக் கோரி லாகூர் ஜெயிலில் அறுபத்து மூன்று நாள் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டார். மறு வருஷம் கைதிகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். படிப்பும் அந்தஸ்தும் உள்ளவருக்கு மேல் வகுப்பு. ஏழைத் தொண்டனுக்குச் சி வகுப்பு. இருவரும் செய்த குற்றமோ ஒன்றுதான்! ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில் ஒன்பது புதிய கேள்விகளைக் கிளப்பிவிட்டது.

சபையில் கேட்பதற்கு இன்னொரு விஷயமும் இருந்தது. சுங்கம் கொடுத்தாவது ஐயாவின் வண்டி ரஸ்தாவில் போயிற்று. காசு கொடுத்தாலும் அந்த ரஸ்தாவில் காலெடுத்து வைக்க முடியாதவர்கள் இருந்தார்கள். 1923-ல் நியமன மெம்பராகச் சபைக்கு வந்த இரட்டைமலை சீனிவாசன், பொது ரஸ்தா, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று 1924-ல் தீர்மானம் கொண்டுவந்தார். சபை ஏற்றது. சர்க்கார் உத்தரவும் பிறந்தது.

உத்தரவு வெளியான ஆறு வருஷத்துக்குப் பிறகு, 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் என்ன நடந்தது? காரைக்குடியும் தேவகோட்டையும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. ஆதிக்கம் செலுத்திய சாதியார் கூடி, தாழ்த்தப்பட்டோருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேஷ்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது. 1931-ம் வருஷத்து ஜனக்கணக்கை நடத்திய ஹட்டன் துரை இதையெல்லாம் தம் புஸ்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். மறு வருஷம் எட்டு பதினொன்றாகப் பெருகியது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

எங்கள் ஊர்ப் பெருமைகளைப் பற்றி நான் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். ஆயிரம் ஜன்னல் வீட்டையும் ஆத்தங்குடிக் கல்லையும் எழுதிய கை இதையும் எழுதத்தான் வேண்டும். சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியதும் காரியம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துவிடுகிறோம். உத்தரவு போட்டாயிற்றா என்பது முதல் கேள்விதான். உத்தரவு ஊருக்கு வந்து சேர்ந்ததா என்பதல்லவா இரண்டாவது கேள்வி?

சுங்கத்துக்கு மட்டும் விமோசனம் சீக்கிரம் வந்தது. மோட்டார்கள் பெருகப் பெருக, ஊருக்கு ஊர் நிறுத்திச் சில்லறை எண்ணுவது சகிக்க முடியாததாயிற்று. 1931-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு, மோட்டார் வண்டிகளுக்குச் சாவடிச் சுங்கத்தை நீக்கினார்கள். அதற்குப் பதிலாக மாகாண வரி ஒன்று விதித்து, வருமானம் இழந்த ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். கார் வைத்திருப்பவர்களின் கஷ்டம் சர்க்காருக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது!

திருமயத்துக்காரரின் கதையை முடிக்கவேண்டும். 1942-ம் வருஷப் போராட்டத்தில் கைதான சத்தியமூர்த்தியைத் தொலைதூரத்திலிருந்த அமராவதி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியில் முதுகெலும்பில் அடிபட்டது. அதிலிருந்து அவர் மீளவில்லை. 1943 மார்ச் 28-ம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். ஆயிரம் கேள்விகள் கேட்ட மனிதரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

இன்று நமக்கு நம் சபைகள் இருக்கின்றன. பார்லிமெண்டில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து பதில் சொல்லவேண்டும். துணைக் கேள்விக்கும் இடமுண்டு. நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் கட்டணத்தில் சாதாரணக் குடிமகனையே ஒரு மெம்பர் ஆக்கிவிட்டது. முதல் மேல்முறையீடு, இரண்டாவது மேல்முறையீடு என்று அந்தச் சட்டத்திலேயே துணைக் கேள்விக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஜெயிலில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகள் செல்லாது என்று 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஒரு பத்திரிகையாளர் விடாமல் கேட்டதன் பலன் அது. சுதந்திரம் வந்து எழுபத்தேழு வருஷம் கழித்துக் கிடைத்த பதில்!

சாவடிகளும் திரும்ப வந்துவிட்டன. திருச்சியிலிருந்து காரைக்குடி வரும் வழியில், திருமயத்துக்குப் பக்கத்திலேயே லெம்பலக்குடியில் ஒன்று இருக்கிறது. லாந்தரும் இல்லை, நீளும் கையும் இல்லை. கண்ணாடியில் ஒட்டிய சீட்டை யந்திரம் பார்க்கிறது, பணம் போய்விடுகிறது, கட்டை உயர்கிறது.

போன மாதம் அந்த வழியாக வந்தபோது ஐயாவை நினைத்துக்கொண்டேன். எந்த ரோட்டுக்கு, எத்தனை வருஷத்துக்கு, இதுவரை எவ்வளவு வசூல் என்று கேட்க எனக்கும் ஆசைதான். அதற்குள் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

ஆனால் ஐயாவைப்போல் நான் விட்டுவிடுவதாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மனு எழுதினேன். பதில் வந்தால் வாசகர்களுக்குச் சொல்கிறேன். வராவிட்டாலும் பாதகமில்லை, இரண்டாவது மனுவுக்கும் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.