புலி எந்த ஆட்டை வெட்டும்? போர் விளையாட்டுகளில் இலக்குத் தேர்வு

மேசை மீது ஆடும் கற்பனைப் போரில் எதிரி யாரை முதலில் தாக்குவான்? ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் 1974இல் வெளிவந்த நாள் முதல் இதற்கு விடையை மாற்றி மாற்றிச் சொல்லி வருகிறது. தேனி மாவட்டத்துச் சின்னமனூரில் நின்று பார்த்தால் கேள்வி அதைவிட மிகப் பழையது.

இவ்வூர்ப் பெயரால் வழங்கும் இரு செப்பேட்டுத் தொகுதிகளில் பெரியது இரண்டாம் இராசசிம்ம பாண்டியனுடையது; கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம். முன்னோர் பெருமைகளை அடுக்கும்போது, மதுரையில் சங்கம் வைத்ததோடு மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அது சேர்த்துக்கொள்கிறது. அந்தத் தமிழ்ப் பாரதம் நமக்குக் கிடைக்கவில்லை. வடமொழிப் பாரதத்தின் பீஷ்ம பருவத்தில், போருக்கு முன் இரு படைகளும் ஓர் உடன்பாடு செய்துகொள்கின்றன. தேர் தேரோடும் யானை யானையோடும் பொர வேண்டும். புறங்காட்டியவனையும், கருவி இழந்தவனையும், வேறொருவனோடு பொருதுகொண்டிருப்பவனையும் தொடக் கூடாது. விதி என்று ஒன்று வந்தால் அதை வளைப்பவனும் வந்துவிடுகிறான். சிகண்டியைப் பீஷ்மர் தாக்கமாட்டார் என்பதை அறிந்தே பாண்டவர்கள் அவனை முன்னே நிறுத்தினார்கள்.

தமிழ்ப் புறத்திணை மரபு வேறு வழியில் போகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுடையது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல்; தொல்காப்பியர் வெட்சித் திணையில் வைத்த அதே சொல். வெட்சி மறவனின் இலக்கு ஆநிரை. மாட்டை ஓட்டிக்கொண்டு போக விட்டால் அவன் உன்னைத் தேடி வந்து வெட்டப்போவதில்லை. மீட்கப் போகிறவனே தன்னை இலக்காக்கிக்கொள்கிறான். எதிரிக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து யாரைத் தாக்குவான் என்பதை அறிவது இம்மரபின் கூர்மை.

இனி ஆடுபுலி ஆட்டம். பரவலாக ஆடும் முறையில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். கோட்டின் வழியே அடுத்த புள்ளியில் ஆடு நின்று, அதற்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால்தான் புலி தாண்டி வெட்டும். எனவே மெலிந்த ஆடு, கொழுத்த ஆடு என்ற பேச்சே இல்லை. பின்னால் ஆள் இல்லாத ஆடுதான் இரை. எந்த ஆட்டை வெட்டலாம் என்பதைப் பெரும்பாலும் ஆட்டுக்காரரே தீர்மானிக்கிறார் என்பது என் கருத்து. கை தேர்ந்தவர் வேண்டுமென்றே ஓர் ஆட்டை வெட்டுக் கொடுப்பார். புலி தாண்டி விழுந்த இடத்திலேயே அதை அடைத்தும் விடுவார். சிகண்டி உத்திக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

ஐரோப்பாவில் 1824இல் பிரஷ்யப் படைக்காக ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் நடுவர் இருந்தார், பகடையும் இருந்தது. பகடையை ஒதுக்கி நடுவரின் அனுபவத்துக்கே முதலிடம் தரும் முறையை 1876இல் வெர்டி து வெர்னுவா முன்வைத்தார். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஆடியது. 1979இல் வந்த நடுவர் கையேடு, பலர் மோதும் கைகலப்பில் பொதுவாகக் குறிப்பிட்ட ஆளைத் தேர்ந்து தாக்க இயலாது, யார் மீது அடி விழும் என்பதைப் பகடை சொல்லட்டும் என்றது. குழப்பமான சண்டைக்கு அது நியாயமே. ஆனால் தந்திரக்கார எதிரியும் குருட்டு எதிரியும் ஒன்றாகிவிடுவார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் போர்வீரன் எதிரியைக் குறி வைத்துவிடலாம். குறி வைக்கப்பட்ட எதிரி அவனை விட்டு வேறொருவரைத் தாக்கினால் தாக்குதல் எண்ணில் 2 குறையும். இலக்குத் தேர்வுக்கு விலை வைத்தாயிற்று.

இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்று நான் வாதிடவில்லை. ஆனால் பகடைக்கும் தண்டனைக்கும் அப்பால், ஓநாய் பசிக்காகத் தாக்கும், கொள்ளையன் பொருளுக்காகத் தாக்குவான் என்று யோசித்து ஆடும் இன்றைய நடுவர், வெட்சிக்கு மிக அருகில் வந்திருக்கிறார்.

ஆடுபுலிக் கட்டம் கல்லில் இருக்கிறது. விதியோ ஆடுகிறவர் வாயில் இருக்கிறது, ஊருக்கு ஊர் மாறுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கோயில் மண்டபத் தரையிலோ பாறையிலோ அப்படியொரு கட்டத்தைக் கண்டால் படம் எடுத்ததோடு நிறுத்தாதீர்கள். அருகில் இருக்கும் பெரியவரிடம், புலி இங்கே எப்போது வெட்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள்.