தொடக்க வகுப்பில் கூட்டப்பெயர் கற்பித்தல்

ஒரே வகையைச் சேர்ந்த பல உயிர்களையோ பொருள்களையோ ஒரு தொகுதியாகக் கொண்டு, அத்தொகுதி முழுவதையும் குறிக்கும் சொல் கூட்டப்பெயர் எனப்படும். மந்தை, தோப்பு, குலை, கட்டு, குவியல் போன்றவை தமிழில் பெருவழக்காக உள்ளவை. எந்தத் தொகுதிக்கு எந்தச் சொல் என்பதை விதி முடிவு செய்வதில்லை. வழக்கே முடிவு செய்கிறது. அதனால் பள்ளிப் பாடநூல்கள் கூட்டப்பெயரை இளமைப் பெயர், ஒலி மரபு, வினை மரபு ஆகியவற்றோடு சேர்த்து மரபுச் சொற்களாகக் கற்பிக்கின்றன.

பன்மையும் கூட்டப்பெயரும்

‘ஆடுகள்’ என்ற பன்மைச் சொல் ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே உள்ளடக்கும். ‘ஆட்டு மந்தை’ என்பதோ தொகுதியை ஒன்றாகப் பார்க்கிறது. எனவே வினைமுடிபும் மாறும்: ஆடுகள் மேய்கின்றன, ஆட்டு மந்தை மேய்கிறது. உயர்திணையில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. ‘மக்கள் வந்தார்கள்’ என்பதில் உயர்திணையாக நிற்கும் பெயர், ‘மக்கள் கூட்டம் வந்தது’ என்னும்போது அஃறிணை ஒருமை வினையை ஏற்கிறது. ‘கூட்டம் வந்தார்கள்’ என்று குழந்தைகள் எழுதுவது ஆட்களை மனத்தில் வைத்துச் சொல்வதால்தான்.

குழந்தையின் சிந்தனையில் தொகுதி

முழுமையையும் அதன் பகுதியையும் ஒரே நேரத்தில் கருதுவது சிறு குழந்தைகளுக்கு எளிதன்று. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே மரமணிகளைக் காட்டி இதை ஆராய்ந்தார். மணிகள் எல்லாமே மரத்தாலானவை. பெரும்பாலானவை பழுப்பு, சில மட்டும் வெள்ளை. மரமணிகள் அதிகமா, பழுப்பு மணிகள் அதிகமா என்று கேட்டபோது சிறுவர்கள் பழுப்பே அதிகம் என்றனர். அமெரிக்க உளவியலாளர் எல்லன் மார்க்மன் 1973இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கேள்வியில் ‘குடும்பம்’ என்ற கூட்டப்பெயரைப் பயன்படுத்தியபோது குழந்தைகள் பகுதியையும் முழுமையையும் இன்னும் சரியாக ஒப்பிட்டனர். ஆகவே கூட்டப்பெயர்ப் பாடம் சொல்வளத்தோடு கணிதச் சிந்தனைக்கும் துணையாகிறது.

சொற்களை வகைப்படுத்துதல்

கூட்டப்பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, தொகுதி எப்படி உருவானது என்பதை வைத்துச் சொற்களைப் பிரித்தால் நினைவில் நிற்கும்.

காம்பிலோ தண்டிலோ சேர்ந்து தொங்குபவை: திராட்சைக் குலை, வாழைத்தார்.
கட்டப்பட்டவை: விறகுக் கட்டு, கீரைக்கட்டு, நாற்று முடி.
கொட்டியோ அடுக்கியோ வைத்தவை: மணற்குவியல், வைக்கோற்போர்.
ஓரிடத்தில் வளர்பவை: மாந்தோப்பு, பனங்காடு, சோளக்கொல்லை, தேயிலைத் தோட்டம்.
சேர்ந்து இயங்குபவை: மாட்டு மந்தை, யானைக் கூட்டம், எறும்புச் சாரை.

இப்பிரிவு, ஒரே உயிர்க்கு இரண்டு கூட்டப்பெயர் வருவதையும் விளக்கும். பகலில் மேய்ச்சலுக்குப் போகும் ஆடுகள் மந்தை. எருவுக்காக இரவில் வயலில் மடக்கப்படும்போது அவை கிடை.

வகுப்பறை முறை

முதலில் பொருள், அடுத்து படம், அதன்பின் வாக்கியம் என்ற வரிசை சிறு வகுப்புகளுக்கு ஏற்றது. வாழை நல்ல தொடக்கம். ஒரு பழத்தையும் ஒரு சீப்பையும் மேசைமேல் வைத்து, தாரின் படத்தை அருகில் காட்டலாம். பழங்கள் சேர்ந்தால் சீப்பு, சீப்புகள் சேர்ந்தால் தார் என்பதைப் பிள்ளைகள் தொட்டும் பார்த்தும் அறிவார்கள். சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தபின், கையில் இருப்பது சீப்பா பழமா என்று கேட்டால் பகுதிக்கும் முழுமைக்குமுள்ள வேறுபாடு வாய்மொழியாக வெளிவரும். ‘மேசைமேல் எத்தனை சீப்பு?’, ‘சீப்பில் எத்தனை பழம்?’ என்று மாற்றி மாற்றிக் கேட்பது, எதை ஓர் அலகாக எண்ணுவது என்பதைப் பழக்கும்.

புணர்ச்சி விதியை இந்நிலையில் விளக்க வேண்டியதில்லை. ஆடு ‘ஆட்டு மந்தை’யாவதும், தென்னை ‘தென்னந்தோப்பு’ ஆவதும், கல் ‘கற்குவியல்’ ஆவதும் சேர்த்துச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தால் படிந்துவிடும். எழுதத் தொடங்கும்போது ‘சாவிக்கொத்து’, ‘கீரைக்கட்டு’ ஆகியவற்றில் மிகும் ஒற்றைச் சுட்டிக்காட்டினால் போதும்.

பொதுவான இடர்கள்

எல்லாவற்றுக்கும் ‘கூட்டம்’ என்று சொல்வது முதல் இடர். ‘ஆட்டுக் கூட்டம்’ பொருள் விளங்காத தொடர் அன்று. அதைத் தவறு என்று அடிக்காமல் மரபுச் சொல்லை எடுத்துக்கொடுப்பது நல்லது. அளவுப் பெயரோடு குழப்பிக்கொள்வது இரண்டாவது. ‘ஒரு முழம் பூ’ என்பதில் முழம் நீள அளவு; ‘மல்லிகைச் சரம்’ என்பதில் சரம் தொகுதி. மூன்றாவது வட்டார வழக்கு. தமிழகத்தின் பல பகுதிகளில் வாழைத்தார் எனப்படுவது கன்னியாகுமரி மாவட்டத்திலும் இலங்கையிலும் வாழைக்குலை. வீட்டுச் சொல்லையும் பாடநூல் சொல்லையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால் இரண்டும் சரியே என்பது பிள்ளைக்கு விளங்கும்.

மதிப்பிடுதல்

‘பொருத்துக’ வகை வினா நினைவாற்றலை மட்டுமே அளக்கும். படத்தைப் பார்த்து வாக்கியம் சொல்லச் செய்வதில் சொல்தேர்வு, புணர்ச்சி, வினைமுடிபு மூன்றும் ஒருங்கே வெளிப்படும். ‘யானைக் கூட்டம் ஆற்றைக் கடக்கிறது’ என்று பிள்ளை தானாகச் சொன்னால், பெயரோடு அதன் ஒருமைத் தன்மையும் அதற்குப் பிடிபட்டிருக்கிறது.