முகத்தை அச்சடிக்கிற கதை

"சார், மூஞ்சிய அச்சடிச்சுக் குடுக்குறாங்களாமே, நெசமாவா?"

வருசநாட்டு மலையடிவாரத்தில் இருந்து வரும் ஒரு அண்ணன் கேட்ட கேள்வி இது. இலவங்காய் பறிக்கிற வேலை. ஓ.பி.க்கு வரும்போதெல்லாம் துண்டை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டுதான் உட்காருவார். 2021ல் கொரோனா வந்து, சர்க்கரை ஏறி, பின்னாடியே கருப்புப் பூஞ்சையும் வந்து, மேல்தாடையை எடுத்தாச்சு. உயிர் பிழைச்சாச்சு. ஆனா கஞ்சி குடிச்சா மூக்கு வழியா வருது.

(எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டார். அடையாளம் தெரியாத மாதிரி சிலதை மாற்றியிருக்கேன்.)

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவா எழுதுறேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

முதல்ல அந்தப் பூஞ்சை. மியூகோர்மைகோசிஸ். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 45,000 பேருக்கு மேல் பாதிப்பு, 4,300 பேருக்கு மேல் இறப்பு. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பு அதுக்கு நல்லா உழுது போட்ட நிலம் மாதிரி. இது ரத்தக்குழாய்க்குள்ளேயே புகுந்து அடைச்சிடும். ரத்தம் போகாத எலும்பு செத்துப்போகும். செத்த எலும்புக்கு ஊசி மருந்து போய்ச் சேராது. அதனால வெட்டி எடுத்தே ஆகணும். தாடை, அண்ணம், சிலருக்குக் கண்ணும்.

அண்ணம்னா வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை. அது போனா சாப்பாடு மூக்குக்கு ஏறும், பேச்சு மூக்கால வரும்.

இதுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே அண்ணத்து ஓட்டையை அடைக்கிற மூடியைப் பற்றி எழுதியிருக்கார். இன்னைக்கும் பல் மருத்துவர்கள் செஞ்சு தர்றது அதோட வாரிசுதான், பல்செட்டோட சேர்ந்த ஒரு மூடி. நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனா அது மிச்சம் இருக்கிற பல்லைப் பிடிச்சுதான் நிக்கணும். ரெண்டு பக்கமும் பல் போயிட்டா? பிடிமானமே கிடையாது.

இப்போ அச்சுக்கு வருவோம்.

1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் செஞ்ச மெஷின்ல முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க. சி.டி. என்ன செய்யுது? தலையைத் துண்டு துண்டா, அடுக்கடுக்கா படம் பிடிக்குது. உடம்பை அடுக்காப் பிரிச்சுப் பார்க்கிற வேலை அங்கேயே முடிஞ்சிருச்சு. அந்த அடுக்கைத் திரும்ப ஒண்ணா அடுக்க ஒரு வழிதான் பாக்கி.

அந்த வழி மருத்துவத்தில் இருந்து வரலை. மேஜைக்குப் பூசுற பூச்சில் இருந்து வந்துச்சு! அமெரிக்காவில் சக் ஹல் வேலை பார்த்த கம்பெனியில், அந்தப் பூச்சை புற ஊதா வெளிச்சம் காட்டி இறுக வைப்பாங்க. இந்த மெல்லிய படலத்தையே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா ஒரு பொருள் வருமேன்னு அவருக்குத் தோணுச்சு. 1983 மார்ச்சில் அவர் முதன்முதலா அச்சிட்டது கண் கழுவுற சின்னக் கிண்ணம். 1984ல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சு 1986ல் வாங்கினார். அவருக்கு முன்னாடியே ஜப்பானின் நகோயாவில் ஹிதேயோ கொடாமா இதே யோசனையோட விண்ணப்பம் போட்டிருந்தார். கெடுவுக்குள்ள மேல்வேலை முடியாம அது காலாவதி ஆயிடுச்சு. பாவம்.

நம்ம ஊர்ப்பக்கம் பழைய மண்சுவர் வைக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு படை வைப்பாங்க, காயவிடுவாங்க, அது மேல அடுத்த படை. அதேதான். இங்கே ஒரு படை முடி அளவுகூட இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1990களில் தாடை, மண்டையோடு சர்ஜன்கள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. நோயாளியோட சி.டி.யில் இருந்து எலும்பு மாதிரியை அச்சிட்டு, கையில் வெச்சுத் திருப்பிப் பார்த்து, தகட்டை முந்தின நாளே வளைச்சு வெச்சுக்கலாம். மயக்கத்தில் கிடத்தி வெச்சுக்கிட்டு வளைக்கிற நேரம் மிச்சம். என் கணக்கில், இந்தத் துறையோட பெரிய உபகாரம் இன்னைக்கும் இந்த மாதிரிதான். ஆனா பேப்பரில் வர்றது எல்லாம் டைட்டானியம்தான்.

அந்த டைட்டானியம் கதையும் சுவாரசியம். 1950களில் சுவீடனில் பிரோனேமார்க் முயல் எலும்புக்குள்ள டைட்டானியக் குழல் வெச்சு ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார். ஆராய்ச்சி முடிஞ்சு கழட்டப் பார்த்தா வரலை. எலும்பு அதை இறுகப் பிடிச்சுக்கிச்சு. 1965ல் மனுஷனுக்கு முதல் பல் இம்பிளாண்ட்.

ரெண்டு கதையும் ஒண்ணா சேர்ந்தது 2011ல். நெதர்லாந்தில் 83 வயசு அம்மா ஒருத்தருக்குத் தொற்றால் கீழ்த்தாடை முழுசும் கெட்டுப்போச்சு. டைட்டானியத் தூளை லேசரால் உருக்கி, ஒரு மில்லிமீட்டருக்கு 33 படைன்னு அடுக்கி, முழுத் தாடையையும் செஞ்சாங்க. எடை 107 கிராம். இந்தியாவில் 2017ல் குருகிராமில், காசநோய் அரிச்ச கழுத்து முள்ளெலும்புக்குப் பதிலா இதே முறையில் செஞ்ச டைட்டானியத்தை 32 வயசுப் பெண்ணுக்கு வெச்சாங்க.

அண்ணன் கேட்டது எங்க இருந்து வந்த சேதின்னா, சென்னையில் இருந்து. கருப்புப் பூஞ்சையால் முக எலும்பு இழந்தவங்களுக்காக ஐ.ஐ.டி. மெட்ராஸும், பல் சர்ஜன்கள் தொடங்கின சோரியாக்ஸ் நிறுவனமும் சேர்ந்து டைட்டானிய முக எலும்பு அச்சிடுற திட்டத்தை 2023 தொடக்கத்தில் அறிவிச்சாங்க. வசதி இல்லாதவங்களுக்குச் செலவில்லாம. அப்பவே ஐம்பது பேர் அளவுக்குப் பொருத்தியிருந்தாங்க.

ஆக, நெசம்தான். ஆனா ஜெராக்ஸ் கடை மாதிரி பட்டனைத் தட்டி வாங்குறது இல்லை. பூஞ்சை துளி இல்லைன்னு முதல்ல உறுதியாகணும். புதுசா மெல்லிய அடுக்கு சி.டி. எடுக்கணும். பிடிக்க கன்னத்தெலும்பு மிச்சம் இருக்கணும். உலோகத்தை மூட நல்ல தசை வேணும், இல்லைன்னா உலோகம் வெளியே தெரிஞ்சு சீழ் பிடிக்கும். எல்லாத்துக்கும் மேல சர்க்கரை.

(2019ல் இஸ்ரேலில் "இதயத்தையே அச்சடிச்சாச்சு"ன்னு வாட்ஸ்அப்பில் சுத்துச்சே, அது முயல் இதயம் அளவு. ரத்தம் பாய்ச்சுற அளவுக்கு அது துடிக்கலை. அதையும் இதையும் குழப்பிக்காதீங்க.)

இதை எல்லாம் அண்ணன்கிட்ட கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "காப்பி குடிச்சா மூக்குல வராதுல்ல சார்?"

மூணு மாச சராசரி சர்க்கரை அவருக்கு 9.4. சென்னைக்குக் கடிதம் எழுதிக் குடுத்துட்டேன், சி.டி.க்கும் சீட்டு போட்டாச்சு. எட்டுக்குக் கீழ கொண்டாங்க அண்ணே, அப்புறம் ரயில் ஏறலாம்னு சொல்லியிருக்கேன். போன வாரம் பரிசோதிச்சப்போ 8.3. துண்டு இன்னும் அப்படியேதான் இருக்கு.