விழிப்பும் இச்சையடக்கமும் (கொங்கு நாட்டுக் கிறிஸ்தவம்)

விசுவாசி ஒருவர் சாத்தானோடும் பாவத்தோடும் வாழ்நாள் முழுதும் நடத்தும் போரை ஆவிக்குரிய போராட்டம் என்பர். அதற்கு முதல் தேவைகளாகப் புதிய ஏற்பாடு வைப்பவை தெளிந்த புத்தியும் விழிப்பும். பேதுருவின் முதல் நிருபம் 5ஆம் அதிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. எதிரி இரை தேடும் சிங்கமாகச் சுற்றுகிறான் என்பது அது காட்டும் காரணம். கெத்செமனே தோட்டத்தில் ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாமல் தூங்கிப்போனவர் இதே பேதுருதான். எபேசியர் நிருபம் 6ஆம் அதிகாரத்தின் சர்வாயுதவர்க்கத்தில் கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா எல்லாம் காத்துக்கொள்வதற்கு. தாக்குவதற்குப் பட்டயம் ஒன்றுதான். பட்டியல் முடிந்ததும் விழித்திருந்து ஜெபிக்கச் சொல்கிறது. கலாத்தியர் நிருபம் கூறும் ஆவியின் கனிகள் ஒன்பதில் கடைசியாக நிற்பது இச்சையடக்கம்.

இதை ஒரு பயிற்சி முறையாக்கியவர்கள் 4ஆம் நூற்றாண்டின் எகிப்தியப் பாலைவனத் துறவிகள். அவர்களில் எவாக்ரியுஸ் மனிதனைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி அதில் முதலாவது. நண்பகலில் வந்து, பொழுது நகரவில்லையே என்று துறவியை அலுப்படையச் செய்யும் சோர்வை எல்லாவற்றிலும் கொடியதாக எண்ணினார். பேயைத் துரத்துவதைவிட, மனத்தின் வாசலில் நின்று எந்த எண்ணம் உள்ளே வருகிறது என்று விசாரிப்பதே அவர்களுக்குப் போர். இந்த எட்டைக் காசியன் என்ற துறவி மேற்கே கொண்டுசென்றார். பின்னர் போப் கிரகோரி ஏழாகத் திருத்தியமைத்தார்.

தமிழகத்துக்கு இந்த ஒழுக்கம் பிரசங்கமாக வருமுன் ஒரு மனிதரின் சாப்பாட்டு முறையாகவே வந்தது எனலாம். 1606இல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, புலால் விட்டு, நாளுக்கு ஒருவேளை உணவோடு வாழ்ந்தார். 1623இல் மதுரையை விட்டுக் கிளம்பிய அவரது பயணம் சேந்தமங்கலம், சேலம் பக்கமும் சென்றது. ஒரு நூற்றாண்டு கழித்து வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காக எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’, போதிப்பவன் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதை உரைநடையில் வற்புறுத்தியது.

காப்பியத்தில் இப்போரைப் பாடியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவிய அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. மூலக் கதையில் பயணி கவசம் பூண்டு அரக்கனோடு பொருதும் காட்சியே எல்லார் நினைவிலும் நிற்கிறது. அதைவிட நுட்பமான கட்டம், காற்றே தூக்கத்தை வரவழைக்கும் மயக்க நிலம். அங்கே வாளும் கேடகமும் உதவா. பயணிகள் இருவர் தங்கள் அனுபவத்தைப் பேசிப் பேசியே விழித்திருக்கிறார்கள்.

இம்மரபுக்குக் கோயம்புத்தூரோடு நேரடித் தொடர்பு உண்டு. கிருஷ்ண பிள்ளையின் தாக்கத்தால் சைவத்திலிருந்து கிறிஸ்தவரானவர் திவான் பகதூர் ஏ. எஸ். அப்பாசாமிப் பிள்ளை. பிற்காலத்தில் அவர் யோகப் பயிற்சியை ஜெபத்துக்குப் பயன்படுத்தினார். அதைப் பற்றி நூலும் எழுதினார். அவருடைய மகன் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975) 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயரானார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் எழுதியவர் அவர். தந்தை, மகன் இருவரிடமும் போர் முழக்கம் குறைவு, மனத்தை ஒருமுகப்படுத்தல் அதிகம். ஈரோட்டில் பணியாற்றிய லண்டன் மிஷன் ஊழியர் எச். ஏ. பாப்லி, குறளில் தேர்ந்தெடுத்த பகுதிகளை மொழிபெயர்த்து 1931இல் வெளியிட்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய நூல் இருக்கும் ஊரில் இச்சையடக்கத்தை அயல் சரக்காக யாரும் இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். அங்கே விரதம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பங்குனி உத்திரம். விரதமிருந்து காவிரித் தீர்த்தம் முத்தரித்துப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்களின் காலம் அது. கிறிஸ்தவர்களின் லெந்து நாட்களும் அப்போதுதான். சாம்பல் புதனில் தொடங்கி, ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாள். இறைச்சியை விடுவோர் உண்டு, பூவையும் நகையையும் விடுவோர் உண்டு. பல சபைகளில் அந்நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. பெரிய வெள்ளி, பங்குனி உத்திரம் இரண்டும் பௌர்ணமியை ஒட்டிக் கணக்கிடப்படுவதால் பல ஆண்டுகளில் அடுத்தடுத்து வருகின்றன. 2024இல் இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. நோக்கம் வேறு, நம்பிக்கை வேறு. ஆயினும் பக்கத்து வீட்டுக்காரர் எதற்காகக் கறிக்குழம்பை ஒதுக்குகிறார் என்று இங்கே இரு தரப்புக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரவு விழிப்புக்கு வேர்கள் வேறு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவிய சகோதரர்கள் 1727இல் மணிக்கு மணி முறை வைத்துத் தொடங்கிய இடைவிடா ஜெபம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் 1740 வாக்கில் விழிப்பு இரவுகளை ஏற்றனர். இன்றைய தமிழ்ச் சபைகளின் முழு இரவு ஜெபம், சங்கிலி ஜெபம், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆண்டின் குற்றங்குறைகளை எண்ணிப் பார்ப்பதற்கான அந்த நள்ளிரவில், இப்போது பலரும் ஆவலோடு காத்திருப்பது புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்துக்கு.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெந்தெகொஸ்தே, எழுப்புதல் கூட்டங்கள் பெருகியபோது போராட்டம் என்ற சொல்லின் எடை இடம் மாறியது. பிசாசின் கட்டு, பில்லிசூனியம், விடுதலை ஜெபம் ஆகியவை மேடைக்கு வந்தன. நாவடக்கமும் கோபமும் பணத்தாசையும் பின்வரிசைக்குப் போயின. வெளியே நிற்கும் எதிரியைக் கடிந்துகொள்வது எளிது. அதற்குக் கூட்டமும் சேரும். சபை மரபு வகுத்த வரிசையில் இது தலைகீழ். டி. ஜி. எஸ். தினகரன் (1935–2008) தொடங்கிய ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியத்தின் ஜெப கோபுரங்கள் விழிப்புக்கு வேறொரு வடிவம் தந்தன: தொலைபேசியில் அழைப்பவருக்காக ஊழியர்கள் முறைபோட்டு இரவு பகலாக ஜெபிக்கும் ஏற்பாடு. இந்த ஊழியத்துக்கும் கொங்கு நாட்டோடு தொடர்பு உண்டு: அவர் நிறுவிய காருண்யா 1986இல் கோவையின் மேற்கே சிறுவாணி மலையடிவாரத்தில் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது.