எழுவர் இட்ட கையொப்பம்

கிரிம் சகோதரர்களைத் தேவதைக் கதைகளின் தொகுப்பாளர்களாகவே நாம் அறிவோம். அவர்கள் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும்கூட. 1837-இல் ஹனோவர் மன்னர் எர்ன்ஸ்ட் அகஸ்ட், 1833-ஆம் ஆண்டின் அரசியலமைப்பை நீக்கினார். அதன்மீது உறுதிமொழி ஏற்றிருந்த பேராசிரியர்களுள் எழுவர் எதிர்ப்பறிக்கையில் கையொப்பமிட்டனர். தம் உறுதிமொழியோடு விளையாடும் ஆசிரியரை மாணவர் மதியார் என்பது அவர்கள் வாதம். டிசம்பரில் எழுவரும் பதவிநீக்கம் செய்யப்பட்டனர்; யாக்கோப் கிரிம் உள்ளிட்ட மூவர் நாடுகடத்தப்பட்டனர். பதவியிழந்த சகோதரர்கள் 1838-இல் மேற்கொண்ட ஜெர்மன் பேரகராதி, பின்வந்தோர் உழைப்பால் 1961-இல் முற்றுப்பெற்றது. ஆசிரியர் பதவியை ஆட்சியாளர்மீதான விசுவாசத்தோடு பிணைக்கும் எந்நாட்டிலும் முதலில் அழிவது, அந்த எழுவர் காக்க முயன்ற மாணவர் மதிப்பே என்று நாம் கருதுகிறோம்.