பேராக் தமிழர் முன்னோர் வந்த வழி

பாட்டன், பூட்டன், ஓட்டன் எனத் தலைமுறைதோறும் தனிச்சொல் படைத்தது நம் மொழி. எனினும் ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் தமிழரிடம் பூட்டனின் பெயரைக் கேட்டால் பலர் தயங்கி நிற்பர். ஓட்டனைப் பற்றிக் கேட்கவே வேண்டுவதில்லை. சொல் நிலைத்திருக்க, பெயர் மறைந்தது எவ்வாறு? பெயரைத் தேடும் நாம், அப்பெயருடையார் வந்த வழியைத் தேடாமையே இதற்குப் பெருங் காரணம் என்பது எம் கருத்து.

பெயரை மட்டும் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு செல்ல இயலாது. நம்மவருள் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே மகனுக்குத் தலைப்பெழுத்தாகும். ஆதலின் தலைமுறைக்குத் தலைமுறை அவ்வெழுத்தும் மாறிவிடும். தோட்டத்துக் கிராணியோ தம் செவிக்குப் பட்டவாறு செக்ரோலில் ஆங்கில எழுத்தால் பதிந்தார். ஒரே இராமசாமி மூன்று விதமாக எழுதப்படுதலும், நான்கு இராமசாமிகள் ஒரே விதமாக எழுதப்படுதலும் உண்டு.

இனி, வழியைத் தேடுமாறு யாது? வீட்டு முதியோர் வாய்மொழியே முதற் சான்று. ஆனால் அதனை ஆண்டுகளோடு உரைத்துப் பார்த்தல் வேண்டும். “எங்கள் பூட்டன் 1885இல் ரப்பர் வெட்ட வந்தார்” என்பர் சிலர். கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் 1877இல் நடப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் ரப்பர் பெருந்தோட்டப் பயிராகப் பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். அதற்கு முன் பேராக்கிற்கு வந்த தமிழர் கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களிலும், காப்பித் தோட்டங்களிலும், சாலை, இருப்புப்பாதை வேலைகளிலும் உழைத்தனர். எனவே அக்கூற்றில் ஆண்டு பிழைத்திருக்கலாம். அன்றேல் தொழில் பிழைத்திருக்கலாம்.

மற்றொரு சான்று காண்போம். “1910இல் ரஜூலாக் கப்பலில் வந்தார்” என்றும் கேட்கிறோம். ரஜூலா கட்டப்பட்டது 1926இல். அதனால் முதியவர் சொல்லை முழுதும் தள்ளிவிடலாமோ? தள்ளலாகாது. 1910இல் வேறொரு கப்பலில் வந்தவர், இடையில் ஊர் சென்று, ரஜூலாவில் மீண்டிருக்கலாம். பிந்திய பயணம் நினைவில் முந்திய பயணத்தை மூடிவிடுவது இயல்பே. 

1910, 1938 ஆகிய ஆண்டுகளும் இவ்வாய்வில் உரைகல்லாகும். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது; அதன்பின் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதில் கங்காணி முறையே மேலோங்கியது. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் உதவிச் செலவில் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடுத்தது. முன்னோர் வந்த ஆண்டு தெரிந்தால், எம்முறையில் வந்தார் என்பது ஓரளவு விளங்கும்.

கங்காணி வழி வந்தோர்க்கு ஊரைக் காண்பது சற்றே எளிது. கங்காணி பெரும்பாலும் தம் ஊரிலும் அயலூர்களிலும், உறவினரும் அறிந்தவருமாகவே ஆள் திரட்டினார். அவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். பின்னர் ஒரே தோட்டத்து லயங்களில் குடியேறினர். ஆதலின் நம் ஊர் தெரியாவிடினும், அடுத்த லயத்தாரின் ஊரும் கங்காணியின் ஊரும் தெரிந்தால், தேடும் எல்லை ஒரு வட்டாரத்துள் சுருங்கிவிடும்.

அதனினும் சிறந்த சான்று குலதெய்வம். மாரியம்மனும் முனியாண்டியும் எங்கும் உளர். ஆனால் ஊர்ப்பெயரோடு சேர்த்து வழங்கும் அய்யனாரோ அம்மனோ ஒரு வீட்டாரின் வணக்கத்துக்குரியவராயின், அப்பெயரிலேயே ஊர் அடங்கியிருத்தல் கூடும். பாட்டியர் பாடும் ஒப்பாரியையும் புறக்கணித்தல் ஆகாது. பிறந்தகத்து ஊரும் உடன்பிறந்தார் பெயரும் அதில் வருவதுண்டு. பதிவேடுகள் விட்டுவிட்ட பெண்வழி இவ்வாறே கிட்டும்.

ஊர்ப்பெயர் கிடைத்தபின் மாவட்டத்தில் தடுமாறுவோர் பலர். பழைய தாளில் “சேலம் ஜில்லா” என்றிருப்பது இன்று தருமபுரியாகவோ நாமக்கல்லாகவோ இருக்கலாம். முன்னது 1965இலும் பின்னது 1997இலும் தனி மாவட்டமாயின. “திருச்சிராப்பள்ளி ஜில்லா” என்பதும் அவ்வாறே. பெரம்பலூர் 1995இல் அதனின்று பிரிந்தது. பேராக்கிலும் தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தானாக வழங்குகிறது. தோட்டங்களுக்கோ கணக்கேட்டில் ஒரு பெயர், தமிழர் நாவில் வேறொரு பெயர். இரண்டையும் குறித்துக்கொள்ளுதல் நலம்.

இது வெறும் ஆவலைத் தீர்க்கும் முயற்சி அன்று. 1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும், பிறந்த நாளும் இடமும் காட்டும் தாளின்றிச் சிவப்பு அடையாளக் கார்டோடு காலங் கழித்த தோட்டத் தமிழர் இருந்தனர். முன்னோரைப் பற்றிய ஒரு வரி எழுத்து இல்லாமை, பேரன் வாழ்வில் எத்துணைப் பெருங் குறையாகும் என்பதை அவர்கள் பட்டறிந்தனர்.

ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்தன. லயங்கள் இடிந்தால் அயலார் சிதறுவர். சுடலை மறைந்தால் கல்லில் பொறித்த பெயரும் மறையும். எஞ்சியிருப்பது முதியோர் நினைவு ஒன்றே. தமிழாசிரியர்கள் இவ்வாண்டு மாணவர்க்கு ஒரு கட்டுரைத் தலைப்புத் தருவாராயின், “என் பாட்டி சொன்ன ஊர்” என்பதைத் தரலாம். தோட்டம், கங்காணி, கப்பல், குலதெய்வம், ஊர் ஆகிய ஐந்தையும் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். அதனைத் திருத்தும் ஆசிரியர், தம் வீட்டுப் பாட்டியையும் கேட்டுவிட்டுத் திருத்துவாராக.