நெற்றிச் சுருக்கமும் கெர்னர் கண்ட நஞ்சும்

முகச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவரிற் பலர் நகைப்பர். செல்வர் வீட்டு வீண்பகட்டு என்று ஒதுக்குவாரும் உளர். ஆயினும் ‘போடாக்ஸ்’ எனும் அம்மருந்தின் வரலாறு அழகு நிலையத்தில் தொடங்கியதன்று. எளிய மக்களின் உணவுத் தட்டில் தொடங்கியது. நோயாளி சொன்னதற்கு மருத்துவர் செவிசாய்த்தபோதெல்லாம் அது ஓரடி முன்னேறியது என்பதே அவ்வரலாற்றில் நாம் காண்பது.

ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள வூர்ட்டம்பர்க் நாட்டார், பன்றியின் குடலிலும் இரைப்பையிலும் இரத்தத்தையும் இறைச்சியையும் அடைத்து, புகையிட்டுச் சேமித்து வைப்பர். ‘சாசேஜ்’ என்று நாம் அறிந்த பண்டத்தின் ஒரு வகை இது. 1793-இல் வில்ட்பாட் என்னும் ஊரில் இதனை உண்ட 13 பேர் நோயுற்றனர். அவருள் அறுவர் மாண்டனர். இத்தகைய சாவுகள் தொடரவே, 1802-இல் அரசாங்கம் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

அதனைத் தேடப் புகுந்தவர் யுஸ்டினுஸ் கெர்னர். வைன்ஸ்பெர்க் நகரின் மருத்துவர்; கவிஞருமாவார். இவருடைய பாடல்கள் சிலவற்றுக்கு ஷூமான் 1840-இல் இசையமைத்தார். கவிஞனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பவர் இவர் எழுதிய நோய்க்குறிப்புகளைக் காணவேண்டும். 1820-இல் 76 நோயாளிகளைப் பற்றியும், 1822-இல் 155 பேரைப் பற்றியும் எழுதினார். கண்ணிமை தாழும்; பார்க்கும் பொருள் இரண்டாகத் தோன்றும்; வாய் வறளும்; விழுங்க இயலாது; முடிவில் மூச்சு ஓயும். அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாகவே இருக்கும்! நஞ்சின் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த அவர், தாமும் சிறிது உட்கொண்டு அறிந்தார். அது கொழுப்பிலிருந்து பிறக்கும் அமிலம் என்று அவர் எண்ணியது சரியன்று. ஆனால், நரம்பின் தூண்டுதலை அது தடுக்கிறது என்றும், நரம்பு மிகையாகத் துடிக்கும் நோய்களுக்கு அதனையே மிகச் சிறிய அளவில் மருந்தாக்கலாம் என்றும் எழுதினாரே, அதுதான் வியப்பு.

நஞ்சைச் செய்யும் கிருமி பின்னரே பிடிபட்டது. 1895 டிசம்பரில், பெல்ஜியத்தின் எல்லெசெல் என்னும் சிற்றூரில், ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியை உண்டனர். அவருள் மூவர் இறந்தனர். கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வான் எர்மெங்கம் அவ்விறைச்சியிலிருந்தே, காற்றில்லா இடத்தில் வளரும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். சாசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய ‘பொட்டுலஸ்’ என்பதிலிருந்து அதற்குப் பெயர் வாய்த்தது. நரம்பின் நுனி தசைக்கு ‘சுருங்கு’ என்று செய்தி அனுப்ப ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அச்சுரப்பை இந்நஞ்சு நிறுத்திவிடுகிறது. சில திங்களில் நரம்பு மீள்கிறது.

மருந்தாக்கியவர் சான்பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். அவர் கருதியது அழகையன்று, மாறுகண்ணை. மாறுகண் உடைய பிள்ளை வகுப்பில் படும் பாட்டை ஆசிரிய அன்பர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கண்ணை மிகுதியாக இழுக்கும் தசையை, கத்தியின்றித் தளர்த்த வழி தேடிய ஸ்காட், குரங்குகளில் செய்த ஆய்வை 1973-இலும், மனிதரில் கண்ட பயனை 1980-இலும் வெளியிட்டார். 1989-இல் மாறுகண்ணுக்கும் ஓயாது இமை துடிக்கும் நோய்க்கும் அமெரிக்க அரசு இதனை ஏற்றது.

அதற்கு முன்பே, 1987-இல், கனடாவின் வான்கூவரில் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர், இம்முறை புருவத்தில் போடவில்லையே என்று குறைப்பட்டார். அங்கே துடிப்பில்லையே என்றார் கண் மருத்துவர் ஜீன் கார்ருதர்ஸ். அங்கே போட்டால் முகத்தில் கவலைக் குறி மறைகிறதே என்பது நோயாளியின் விடை. தோல் மருத்துவராகிய கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து 18 பேரிடம் ஆராய்ந்து, 1992-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுருக்கத்தை நிரப்பப் பாரபினை ஊசிவழிச் செலுத்தியவர் உண்டு. அது கட்டிகளாகத் திரண்டு முகங்களைக் கெடுத்தது. இதுவோ எதையும் நிரப்புவதில்லை. புருவத்தை நெரிக்கும் தசையை உறங்கச் செய்கிறது. புருவ நடுவில் ஐந்து இடங்களில் மொத்தம் 20 அலகு. பயன் மூன்று நான்கு திங்கள். ஓர் அலகு என்பது, ஒரு சுண்டெலிக் கூட்டத்தில் பாதியைக் கொல்லும் அளவு என்று வகுக்கப்பட்டது. இதனைக் கைதேர்ந்த மருத்துவரன்றிப் பிறர் தொடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சுருக்கத்துக்கு அமெரிக்க அரசின் இசைவு 2002-இல் கிடைத்தது. நகைப்பவர்கள் இன்னொன்றையும் அறிதல் நன்று. 1990-களில் நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள், தங்கள் நெடுநாள் தலைவலி குறைந்ததாக மருத்துவரிடம் சொல்லத் தொடங்கினர். அச்சொல்லைப் பின்பற்றிய ஆய்வுகளின் பயனாக, 2010-இல் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும் அது மருந்தாக ஏற்கப்பட்டது.